மேடம் பாட்டு

மேடத்தின் மடியில் அந்த மரப்பலகையை முதன்முதலாகப் பார்த்தபோது, அதில் ஏதோ பழுது இருக்கிறது என்றுதான் நினைத்தேன். இரண்டு உள்ளங்கைகளை விரித்து வைத்தாற்போன்ற அகலம். அதன்மேல் அடித்துத் தட்டையாக்கிய இரும்புக் கம்பிகள், நீளமும் குட்டையுமாக, சீப்பின் பற்களைப் போல வரிசையாக நின்றன. பலகையின் அடியில் ஒரு தகடு; தகட்டில் தளர்வாகப் பொருத்திய சோடா பாட்டில் மூடிகள். பெருவிரல்களால் கம்பியை அமுக்கி விடும்போது சின்ன மணி அடித்தது போல ஓர் ஒலி எழுந்தது. அதன் பின்னாலேயே மூடிகள் நடுங்கி ‘கர்ர்’ என்று ஓர் இரைச்சல் வந்தது. ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், ஜன்னலோர இருக்கையில், தலையைக் குனிந்தபடி அவர் வாசித்துக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கையில் நான். அந்த மணியோசை என் காதில் விழவே இல்லை. ‘கர்ர்’ மட்டும்தான் விழுந்தது.

அதற்குக் காரணம் என் வேலை. ஏசி தயாரிக்கும் கம்பெனியில் சத்தப் பரிசோதனை அறையில் இருந்தேன். ஒவ்வொரு பெட்டியாக ஓடவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். எங்கோ ஒரு திருகு தளர்ந்து, ஒரு தகடு நடுங்கினால்கூட அந்தப் பெட்டிக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். வருஷக்கணக்கில் இதையே செய்தவளுக்கு உலகம் முழுவதும் பாஸ், ரிஜெக்ட் என்று இரண்டே வகையாகத்தான் கேட்கும். வீட்டில் மிக்சி ஓடினாலும் அப்படித்தான், கோயிலில் மணி அடித்தாலும் அப்படித்தான். அதனால் மனத்தில் பட்டதைச் சொல்லிவிட்டேன். “மேடம், மூடியெல்லாம் லூஸா கீது. பையில ஸ்குரூ டிரைவர் வெச்சினு கீறேன். டைட் பண்ணித் தரட்டா?”

அவர் வாசிப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். “லூஸ் காதக்கா. அதே பாட்ட” என்றார் தெலுங்கில். அது லூஸ் இல்லை அக்கா, அதுதான் பாட்டு.

மேடம் ஜிம்பாப்வேக்காரர். திருப்பதிப் பக்கம் ஒரு கல்லூரியில் இன்ஜினியரிங் படிக்க வந்து, முடித்த கையோடு எங்கள் கம்பெனியில் பயிற்சி இன்ஜினியராகச் சேர்ந்திருந்தார். என்னைவிட ஓரிரு வயது இளையவர். ஆனாலும் இன்ஜினியர் என்றால் மேடம்தான். நாலு வருஷ ஹாஸ்டல் வாழ்க்கையில் தெலுங்கு அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. தமிழ் எங்கள் பஸ்ஸில் கற்றுக்கொண்டது. அதனால் அவருடைய தமிழ் சுத்தமான புத்தூர்த் தமிழாக இருந்தது. காலையில் பஸ் ஏறியதும் “இன்னாக்கா, துன்னியா?” என்று அவர் கேட்கும்போது, புதிதாகக் கேட்பவர்கள் யார் பேசியது என்று பஸ் முழுக்கத் தேடுவார்கள்.

அவர் வாசித்தது வெளியே கேட்கும் அளவுக்கு அந்த பஸ் அன்று அமைதியாக இருந்ததற்கு ஒரு கதை உண்டு. வடமாலபேட்டையில் புறப்பட்டு, புத்தூர், நாராயணவனம், பிச்சாட்டூர், நாகலாபுரம், சத்தியவேடு என்று ஆட்களை அள்ளிக்கொண்டு போகும் பஸ் அது. பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் தெலுங்கு. எல்லாருக்கும் இரண்டு பாஷையும் தெரியும். பாட்டு என்று வந்துவிட்டால் மட்டும் யாருக்கும் மற்றது தெரியாது. டிரைவர் அண்ணன் பொறுமைசாலி. போகும்போது தமிழ், வரும்போது தெலுங்கு என்று பிரித்துக் கொடுத்தார். காலையில் எல்லாரும் தூங்கிக்கொண்டு போவதால் தமிழ்ப் பாட்டுக்கு அநியாயம் நடக்கிறது என்று முன்பக்கத்தில் சண்டை கிளம்பியது. வாரத்துக்கு வாரம் மாற்றிப் பார்த்தார். எந்த வாரம் யாருடையது என்று சண்டை வந்தது. கடைசியில் ஒருநாள் யாரோ பாட்டு இருந்த பென் டிரைவைப் பிடுங்கி, பிச்சாட்டூர் ஏரிக்கரையில் ஜன்னல் வழியாக வீசிவிட்டார்கள். அண்ணன் பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்தி எழுந்து நின்றார். “இனிமே என் பஸ்ல ஒருத்தரு பாட்டும் கெடயாது. இன்ஜின் பாடுது, அதக் கேட்டுக்கினு வாங்க” என்றார். அதோடு சரி. மாதக்கணக்கில் இன்ஜின்தான் பாடியது.

அந்த மௌனத்தில்தான் மேடம் தம் பலகையை வெளியே எடுத்தார். பின்சீட்டிலிருந்து ஒரு குரல், “யாருப்பா அது பாட்டு போட்டது?” என்று சண்டைக்குத் தயாராகக் கேட்டது.

அண்ணன் கண்ணாடியில் பார்த்தார். “யாரும் போடல. மேடம் வாசிக்கிறாங்க.”

“இன்னா பாட்டு? தமிழா, தெலுங்கா?”

“ரெண்டும் இல்ல.”

பிறகு அதே குரல், “அப்போ வாசிக்கட்டும்” என்றது.

அந்த வாத்தியத்தின் பெயர் ம்பிரா. உதட்டை மூடி ‘ம்’ என்று தொடங்க வேண்டும். எங்கள் வாயில் அது எம்பிரா ஆகிவிட்டது. மேடத்தின் தாய்மாமன் தம் கையால் செய்து கொடுத்தது. ஜிம்பாப்வேயில் ம்பிராவைத் தனியாக வாசிப்பது பாதி வாசிப்புத்தான் என்றார் மேடம். ஒருவர் முன்னே நடப்பார். இன்னொருவர் அவர் விட்ட இடைவெளிகளில் கால் வைத்து வருவார். இரண்டும் பின்னிக்கொள்ளும்போது, இருவருமே வாசிக்காத ஒரு மூன்றாவது பாட்டு நடுவில் கேட்கும். அதற்காக மாமன் தம் பங்கைப் பதிவு செய்து அனுப்பியிருந்தார். மேடம் போனைப் பலகையின் பக்கத்தில் வைத்து அதை ஓடவிட்டு, தம் பங்கை அதன்மேல் வாசிப்பார். அந்த மூன்றாவது பாட்டை முதன்முதலில் நான் கேட்ட காலை இன்னும் நினைவில் இருக்கிறது. நாராயணவனம் தாண்டி, வெயில் மாந்தோப்புகளுக்குள் சாய்வாக இறங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு பெண் குரல் பாடுவது போல இருந்தது. மேடத்தைப் பார்த்தேன். வாய் மூடியிருந்தது. என் முகம் மாறியதைக் கண்டுகொண்டு, “கேட்டுட்டியாக்கா?” என்று மெல்லக் கேட்டார். அந்தக் குரல் பிறந்த இடம், நான் திருகி இறுக்கப் பார்த்தேனே, அந்தக் ‘கர்ர்’தான். தெளிந்த ஓசை மட்டும் கேட்டால் அது ஆளில்லாத வீடு மாதிரி என்று மாமன் சொல்வாராம். இரைச்சல் சேரும்போதுதான் வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். நல்ல காது என்று பெயர் வாங்கியவள் நான். காதுக்கு இன்னொரு வேலையும் உண்டு என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பிறகு அந்த பஸ்ஸுக்கு வந்த வாழ்வைச் சொல்லி முடியாது. ம்பிராப் பாட்டுக்கு ஆரம்பமும் இல்லை, முடிவும் இல்லை. செக்கு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கே வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம். எங்கள் பஸ்ஸுக்கென்றே செய்தது போல. புத்தூர்க்காரர்கள் புத்தூரிலிருந்து பாடினார்கள், பிச்சாட்டூரில் ஏறியவர்கள் அங்கிருந்து சேர்ந்துகொண்டார்கள். மேடம் ஓர் அடி பாட, நாங்கள் எல்லாரும் “ஹோய்யே… ஹோயி ஹோய்யே” என்று பதில் கொடுப்போம். யாரோ ஒரு தண்ணீர் பாட்டிலில் துவரம்பருப்பைப் போட்டுக் கொண்டுவந்து குலுக்கினார்கள். மேடத்தின் ஊரில் குடுக்கைக்குள் விதையைப் போட்டு அப்படித்தான் குலுக்குவார்களாம். தமிழும் தெலுங்கும் முறைத்துக்கொண்ட பஸ்ஸில், யாருக்கும் அர்த்தம் தெரியாத பாட்டை எல்லாரும் ஒரே குரலில் பாடிக்கொண்டு போனோம். சத்தியவேடு டீக்கடையில் நின்றவர்கள் எங்களைப் பார்த்துக் கையாட்டத் தொடங்கினார்கள்.

ஒரு திங்கட்கிழமை மேடம் கையில் அந்தப் பலகை இல்லை. அடுத்த நாளும் இல்லை. கேட்டால், “தலவலிக்கா” என்றார். மூன்றாவது தடவை கேட்டபோதுதான் விஷயம் வந்தது. புத்தூரில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் ஓனரம்மா, மாடிக்கு வந்து, இந்தப் பெட்டியை எதற்கு வாசிக்கிறாய் என்று கேட்டிருக்கிறார். மேடம் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரில் இதை வாசித்தால் செத்துப்போன தாத்தா பாட்டிகள் கேட்டு வருவார்கள், வந்து எங்களுக்கு நல்லது கெட்டது சொல்வார்கள் என்று. ஓனரம்மாவுக்கு வேர்த்துவிட்டது. “என் ஊட்டுக்கு யாரோட தாத்தா பாட்டியும் வரக்கூடாது. நீ வேற ரூம் பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு போய்க் கேட்ட வீடுகளிலெல்லாம், மேடத்தின் முகத்தைப் பார்த்ததுமே இடம் இல்லாமல் போயிற்று. ம்பிராவைத் துண்டில் சுற்றித் துணிப்பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாராம். “ஊருக்கே போயிடலாம்னு கீதுக்கா” என்றார். அவ்வளவு நாளில் அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். யாரையும் கேட்காமல், யோசிக்காமல், “எங்க ஊட்டுக்கு வாங்க” என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊர் நகரி சாலையில் உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பாவை நைனா என்போம்; அவருக்குக் கரும்பும் கொஞ்சம் மாந்தோப்பும். மேடத்தைப் பெட்டியோடு வாசலில் பார்த்ததும் நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஊர்ல நாலு பேரு நாலு சொல்லுவாங்க. சரி, ஒரு வாரம் இருக்கட்டும்” என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அன்று அம்மா கேழ்வரகுக் களி கிண்டியிருந்தாள். வெளிநாட்டுப் பெண்ணுக்கு இதைப் போடுவதா என்று வெட்கப்பட்டுக்கொண்டு, சோறு வடிக்கப் போனாள். மேடம் களியைப் பார்த்துவிட்டார். பாத்திரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒரு உருண்டையைக் கையால் பிய்த்து, கட்டைவிரலால் குழி செய்து, கீரைக் கடைசலில் தோய்த்து வாயில் போட்டார். எங்களில் ஒருத்தி தின்பது போலவே இருந்தது. மென்றபடியே அழுதார். அவர் ஊரிலும் இதே தானியம்தானாம், இதே களிதானாம். முன்னோர்களுக்குப் படைக்கிற கள்ளையும் இந்தக் கேழ்வரகில்தான் காய்ச்சுவார்களாம். அம்மாவுக்கு அதற்குமேல் எந்த விசாரணையும் தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்து அந்தப் பலகை என்னவென்று கேட்டபோது, “அது எம்பிரான் வாத்தியம்” என்றாள் அம்மா பக்தியோடு. அவள் காதில் அப்படித்தான் விழுந்திருந்தது. நான் திருத்தவில்லை. ஒரு வாரம் மாதங்களாயிற்று. நைனா கணக்குக் கேட்கவில்லை.

ஆடி வந்தது. எங்கள் ஊர்க் கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றும் திருவிழாவை நடத்துகிறவர்களில் நைனாவும் ஒருவர். அந்த வருஷம் மழை ஏமாற்றியிருந்தது. கிணறுகளில் மோட்டார் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. பால் சொசைட்டி வாசலில் திருவிழாவைப் பற்றிப் பேசக் கூடியபோது நான் போய் நின்று, மேடமும் எங்கள் பஸ்காரர்களும் அம்மன் முன்னால் பாட வேண்டும் என்று கேட்டேன். சலசலப்பு எழுந்தது. எல்லாருக்கும் முன்னால் எதிர்த்தவர் என் சொந்த அத்தை, நைனாவின் அக்கா. அவர் சாதாரணப் பெண் அல்ல. வருஷா வருஷம் கூழ் ஊற்றும்போது அவர்மேல்தான் கங்கம்மா வருவாள். அவர் வாயால் சொல்வதைக் கேட்கத்தான் ஊர் காத்திருக்கும். “பேயைக் கூப்புடற பொட்டிய ஆத்தா வாசல்ல வெப்பீங்களா? புத்தூர்ல ஊட்ட உட்டே தொரத்திட்டாங்களாம். நம்ம ஊரு மட்டும் இன்னா எளக்காரமா?” என்றார். நான் நைனாவைப் பார்த்தேன். நைனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது பேசியவர் பம்பை மாஸ்டர். சுற்றுவட்டாரத்தில் எந்த அம்மன் கோயிலிலும் அவர் பம்பை முழங்கினால்தான் திருவிழா. கறுப்புக் கண்ணாடி, பெரிய மோட்டார் சைக்கிள், கழுத்தில் தடித்த சங்கிலி என்று சினிமாக்காரர் மாதிரி இருப்பார். திருவிழாவுக்கு நேரம் குறிக்க வந்தவர், கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்மா, சாமியக் கூப்புடறதுதானே எனக்குத் தொழிலே? அதுக்குத்தானே நீங்க மால போட்டு என்னைக் கூட்டினு வர்றீங்க? அந்தப் பொண்ணும் அவங்க ஊருல அதத்தானே செய்யுது. என்னை எந்த ஊர்லயும் ஊட்டக் காலி பண்ணச் சொன்னதில்லையே?” என்றார். “மொதல்ல நான் கேக்குறேன். கேட்டுட்டு சொல்றேன்” என்று எழுந்தார்.

வீட்டுக்கு வந்து அவர் வாசிக்கச் சொன்னதும் மேடம் உடனே வாசிக்கவில்லை. பஸ்ஸில் பொழுதுபோக்குக்கு வாசிப்பது வேறு, சாமி முன்னால் வாசிப்பது வேறு, மாமனைக் கேட்காமல் முடியாது என்றார். மாஸ்டர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் ஒரு மரியாதை இருந்தது. வீடியோவில் மாமனைக் கூப்பிட்டார்கள். நரைத்த தாடி, தொப்பி, பின்னால் ஒரு கோழி. யாருடைய விழா, என்ன படைக்கிறார்கள் என்று அவர் கேட்டதை மேடம் எங்களுக்குச் சொன்னார். கங்கம்மா விழா, மழைக்காக, கேழ்வரகுக் கூழ் என்றோம். மாமன் வயிறு குலுங்கச் சிரித்தார். “நீ தூரமா போயிட்டேன்னு நெனச்சி நான் அழுதுக்கினு இருந்தேன். நீ பக்கத்து ஊர்லதான் கீறே” என்று அவர் சொன்னதாக மேடம் மொழிபெயர்த்தார். முன்னோர்களை அழைக்கும் பாட்டு வேண்டாம், அது வீட்டுக்குரியது; மழை கேட்கும் பாட்டை வாசி; மேடையில் ஏறாதே, மண்ணில் உட்கார்ந்து வாசி என்றார். தம் பங்கைப் புதிதாக வாசித்து அனுப்புவதாகவும் சொன்னார்.

அதன் பிறகு மேடம் வாசிக்க, மாஸ்டர் கேட்டார். முழங்காலில் தாளம் போட்டுப் பார்த்தார், நிறுத்தினார், மறுபடி போட்டார். “இது மூணா நாலா?” என்றார். “மூணும்தான், நாலும்தான்” என்றார் மேடம். மாஸ்டர் தம்மோடு வந்த சிலம்புக்காரரிடம் கையைக் காட்டினார். உள்ளே பரல் போட்ட பித்தளை வளையங்களை இரண்டு கையிலும் எடுத்து அவர் குலுக்க, மேடம் துள்ளிவிட்டார். குடுக்கைக்குள் விதை குலுங்குகிற அதே ஓசை. சிலம்பு நாலில் போயிற்று. மாஸ்டரின் கை மூன்றில் போயிற்று. ம்பிரா இரண்டையும் ஏந்திக்கொண்டது. வாசித்து முடித்ததும் மாஸ்டர் வாசலைப் பார்த்து, “நான் ஒத்துக்கிறேன்” என்றார், ஊர் முழுக்க வெளியே நின்றிருப்பது போல. நைனா பரண்மேல் ஏறினார். சின்ன வயதில் அவரும் அத்தையும் கிணற்றில் நீச்சல் பழக இடுப்பில் கட்டிக்கொண்ட பெரிய சுரைக்குடுக்கையை இறக்கினார். ம்பிராவை அப்படியொரு குடுக்கைக்குள் பொருத்தி வாசித்தால்தான் ஓசை ஊருக்குக் கேட்கும் என்று மேடம் எப்போதோ சொன்னதை அவர் காதில் போட்டுக்கொண்டிருக்கிறார். ரம்பத்தால் வாயை அறுத்துத் திறந்து, உள்ளே ஊதித் தூசு தட்டினார். “இது போதுமா பாரு, மேடம்மா” என்றார்.

கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை, டிரைவர் அண்ணன் ஒரு வேன் பிடித்து பஸ்காரர்களை அள்ளிக்கொண்டு வந்தார். எல்லாரும் மஞ்சள் துணி. உச்சி வெயில். கோயில் முன்னால் பந்தல், பந்தலுக்கு அடியில் கூழ்ப் பானைகள் வேப்பிலை கட்டி வரிசையாக நின்றன. மேடம் அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்து, குடுக்கையை மடியில் வைத்துக்கொண்டார். மைக் செட்டுக்காரர் ஒலியைச் சோதித்துவிட்டு, “கர்ருனு வருது, எங்கியோ வயரு லூஸு” என்று ஒயரைப் பிடுங்கப் போனார். “தொடாதீங்க! அதுதான் பாட்டு” என்று நான் போட்ட கூச்சலில் பஸ்காரர்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள்.

வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் மாமனின் பங்கு முதலில் எழுந்தது. எங்கோ கடல் தாண்டி ஒரு கிழவரின் கட்டைவிரல்கள், எங்கள் மரத்திலிருந்து பேசின. மேடம் இரண்டு சுற்று காத்திருந்து, அந்த இடைவெளிகளுக்குள் தம் விரலை வைத்தார். எனக்குத் தெரியும் அந்த மூன்றாவது பாட்டு வரப்போகிறது என்று. அது வந்தபோது கூட்டத்தில் பலர் நிமிர்ந்து, யார் பாடுவது என்று தேடினார்கள். மேடம் குரலெடுத்தார். நாங்கள் பதில் கொடுத்தோம். சிலம்பு சேர்ந்தது. மாஸ்டர் பம்பையில் முதல் அடி போட்டதும், தரை அதிர்ந்தது போல எனக்குக் காலில் ஏறியது. பானைகளுக்குப் பின்னால் நின்ற பெண்கள் தாமாகவே வட்டமாகி, குனிந்து நிமிர்ந்து கும்மி தட்டத் தொடங்கினார்கள். எங்கள் ஊர்க் கும்மிக்கு அந்தத் தாளம் அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி பொருந்தியது.

அப்போதுதான் அத்தையின் உடம்பு ஆடத் தொடங்கியது. முடி அவிழ்ந்தது. வட்டத்தைப் பிளந்துகொண்டு நேராக மேடத்தை நோக்கி வந்தார். கும்மி நின்றது. பம்பை நின்றது. மேடத்தின் விரல்கள் நின்றன. ஸ்பீக்கரில் மாமன் மட்டும் ஒன்றும் அறியாமல் வாசித்துக்கொண்டிருந்தார். அத்தை என்ன சொல்லப்போகிறார் என்று ஊர் முழுக்கக் காத்து நின்றது. பால் சொசைட்டி வாசலில் அவர் பேசியது எல்லாருக்கும் நினைவிருந்தது. ஆத்தா வாயிலிருந்து ஒரு வார்த்தை எதிராக வந்துவிட்டால், அதற்குமேல் நைனாவாலும் மாஸ்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. அத்தை குனிந்து மேடத்தின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். கண்ணுக்குக் கண் பார்த்தார்.

“ஏன்டி நிறுத்துனே?” என்றது அந்தக் குரல். “வாசி!”

தட்டிலிருந்த மஞ்சளை அள்ளி மேடத்தின் நெற்றி நிறையப் பூசினார். ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மாஸ்டருக்குத்தான் முதலில் புரிந்தது. கண்ணில் நீர் வழிய பம்பையை ஓங்கி அடித்தார். மேடம் நாக்கைச் சுழற்றி ஒரு குலவையிட்டார். அவர் ஊரில் மகிழ்ச்சி பொங்கும்போது பெண்கள் எழுப்பும் ஒலி அது. கூட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் அதைத் திருப்பி எழுப்பிப் பார்த்தார்கள். சிலருக்கு வந்தது, சிலருக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிச்சாட்டூர்த் தெலுங்குக்காரர்களும் நகரித் தமிழர்களும் தோளில் கைபோட்டுக்கொண்டு ஹோய்யே என்று கத்தினார்கள். டிரைவர் அண்ணன் வேனைச் சுற்றிச் சுற்றி ஆடினார். நைனா ஆடி என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். பாட்டுக்கு முடிவு இல்லையென்று சொன்னேன் அல்லவா, உண்மையாகவே முடியவில்லை. கூழ் ஆறிப்போகும் வரை சுற்றிக்கொண்டே இருந்தது.

மறுநாள் அத்தையிடம் போய், நேற்று நீதான் வாசிக்கச் சொன்னாய் என்றேன். “எனக்கு இன்னாடி தெரியும்? ஆத்தா சொன்னா” என்று முறத்தைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஆனால் அன்று மாலை மேடத்துக்கென்று ஒரு தூக்குவாளியில் மொச்சைக் குழம்பு வந்தது. மழையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அன்று ஒரு துளிகூடப் பெய்யவில்லை. அடுத்த வாரம் பெய்தது, அதுவும் பக்கத்து ஊரில் முதலில். அது நம் பாட்டுக்கு வந்த மழைதான், காற்று இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று மாஸ்டர் சாதித்தார்.

பயிற்சி முடிந்து மேடம் தம் நாட்டுக்குத் திரும்பினார். இப்போது அங்கே ஒரு குளிர்பதனக் கிடங்கில் பெரிய இன்ஜினியர். போகும்போது மாஸ்டர் தம் சிலம்புகளில் ஒரு ஜோடியைக் கொடுத்தார். மேடம் அனுப்பிய வீடியோ ஒன்றில் மாமன் அவற்றைக் குலுக்குகிறார். சுற்றிலும் அவர்கள் ஊர்ப் பெண்கள் வட்டமாக நின்று, குனிந்து நிமிர்ந்து, எங்கள் கும்மியைத் தட்டுகிறார்கள். எங்களுடையதைவிட நன்றாகவே தட்டுகிறார்கள். மாமன் எனக்கென்று ஒரு ம்பிரா செய்து, திருப்பதிக்குப் படிக்க வந்த இன்னொரு பெண்ணிடம் கொடுத்தனுப்பினார். என் கட்டைவிரல் நகம் தேய்ந்து, இரண்டாம் பங்கை வாசிக்கக் கற்றுக்கொண்டேன். கம்பெனியில் இப்போது நான் சூப்பர்வைசர். ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டும் முன் இன்னொரு தடவை கேட்டுப் பார் என்று பெண்களிடம் சொல்வேன். அவர்களுக்கு அது வேலைக்கான அறிவுரையாகத்தான் தெரியும். ஆடி வந்தால் மேடம் முதல் பங்கை அங்கிருந்து வாசித்து அனுப்புவார். வேப்பமரத்து ஸ்பீக்கரில் அவர், மண்ணில் நான், பின்னால் பம்பை. ஊரில் அதற்கு மேடம் பாட்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது. பம்பை அடித்து அம்மனை வர்ணித்துப் பாடுவது, பிறகு மேடம் பாட்டு, பிறகு கூழ். சின்னப் பிள்ளைகளுக்கு அது ஆதிகாலத்திலிருந்து இருக்கிற சடங்கு.

போன ஆடியில் திருத்தணியிலிருந்து ஒரு சொந்தக்காரர் வந்திருந்தார். பாட்டு முழுக்க வாயைத் திறந்தபடி கேட்டவர், கூழ் வாங்க வந்தபோது நைனாவிடம், “மேடம் பாட்டு மேடம் பாட்டுன்றீங்களே, யாரு அந்த மேடம்? எந்த ஊரு?” என்று கேட்டார்.

நைனா அகப்பையை நிறுத்தவில்லை. வந்தவரின் சொம்பு வழிய ஊற்றினார்.

“நம்ம ஊருப் பொண்ணுதாம்பா. வேலைக்கு ஆப்பிரிக்கா போயிருக்குது.”